ஊஞ்சம்பள்ளத்தில் ஊதாத் தண்ணீர்

திருப்பூர் மங்கலம் ரோட்டில் பஸ் ஏறுகிறவர்களுக்கு ஊஞ்சம்பள்ளம் என்பது ஒரு ஸ்டாப்பின் பெயர், அவ்வளவுதான். பாலத்துக்குக் கீழே நிஜமாகவே ஒரு பள்ளம் இருக்கிறது, அதில் ஓடை ஒன்று ஓடுகிறது என்பதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொள்ளும்போது மட்டும்தான் ஞாபகத்துக்கு வரும். அப்பேர்ப்பட்ட தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பரிசோதிக்க மாதாமாதம் காலேஜ் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? "ஏங்கண்ணு, இதையக் கொண்டுபோயிக் குடிக்கப் போறீங்களா?" என்று பாலத்தோரத்து பேக்கரிக்காரர் கேட்காத மாதம் கிடையாது.

மெஹ்ஜபின் அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. "குடிக்கற மாதிரி ஆகற வரைக்கும் வருவமுங்க" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் பள்ளத்தில் இறங்குவாள். கல்லூரியின் நீர்க் காவல் குழுவுக்கு அவள்தான் தலைவி. யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. முதல் கூட்டத்திலேயே அவள் பேச ஆரம்பித்தாள், மற்றவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள், அப்படியே அமைந்துவிட்டது. குழுவில் நிறையப் பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். சேற்றில் கால் வைக்க வந்தது மூன்றே பேர். அவள், மாரிச்செல்வம், ஆஷா.

வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மேலே பாலத்தடியில் ஓரிடம், நடுவில் ஓடை வளைகிற இடம், கீழே தடுப்பணை. ஒவ்வொரு இடத்திலும் தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்க்க வேண்டும். பிறகு ஒரு பாட்டில் தண்ணீர் மொண்டு, மண் போக வடிதாளில் வடிகட்டி, வெள்ளை அட்டைக்கு முன்னால் பிடித்து நிறம் பார்க்க வேண்டும். சாயப்பட்டறைகள் கழிவுத் தண்ணீரைக் கண்ணுக்கு மறைவாகத் திறந்துவிடுகிற ஊரில் நிறம்தான் முக்கியம் என்று பொறுப்பாசிரியர் சண்முகவேல் சார் சொல்லியிருந்தார்.

அன்றைக்கு முந்தின ராத்திரி மழை பெய்திருந்தது. ஓடை செம்மண் கலந்து டீ மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தடியில் எடுத்த தண்ணீர், வடிகட்டியதும் எப்போதும் போலத் தெளிந்துவிட்டது. அங்கேயிருந்து வளைவுக்குப் போகும்போது ஆஷா பாறையில் வழுக்கி, விழாமல் சமாளித்து, கையிலிருந்த வடிதாள் பாக்கெட்டை மட்டும் ஓடைக்குத் தானம் கொடுத்துவிட்டாள்.

"போச்சு. காலேஜுக்குப் போயித்தான் எடுத்துட்டு வரோணும்" என்றாள் ஆஷா.

"இதுக்குப் போயி அத்தனை தூரமா?" என்று மெஹ்ஜபின் மேட்டில் நின்ற தன் ஸ்கூட்டரைப் பார்த்து ஏறினாள்.

திருப்பூர்க்காரர் வண்டியின் சீட்டுக்கடியில் ஆர்.சி. புத்தகம் இல்லாமல் இருக்கலாம், பனியன் வேஸ்ட் இல்லாமல் இருக்காது. வெட்டியது போக மிஞ்சுகிற துணிதான். வண்டி துடைக்க, கை துடைக்க, கொதிக்கிற பாத்திரம் பிடிக்க, டீ வடிகட்டக்கூட அதுதான். கடையில் போய் துடைக்கும் துணி வாங்கினேன் என்று யாராவது சொன்னால் அவர் இந்த ஊருக்குப் புதுசு என்று அர்த்தம். மெஹ்ஜபினின் அத்தா ஜமால், கம்பெனிகள் கழித்துக்கட்டுகிற துணியை லாட்டாக, மொத்தமாக வாங்கி விற்கிறவர். ஆகவே அவளுடைய வண்டியில் வேஸ்ட்டுக்குப் பஞ்சமே இல்லை. கைக்கு வந்தது ஒரு கறுப்புத் துண்டு. புத்தம் புதுசு.

"கறுப்பாச்சே, சாயம் கீயம் விட்டா?" என்று கேட்டாள் ஆஷா.

மெஹ்ஜபின் சிரித்தாள். "எக்ஸ்போர்ட் துணி ஆஷா. வெள்ளைக்காரன் மிஷின்ல போட்டு வருசம் பூராச் சுத்துனாலும் விடாது. நம்மூர்லயே பொறந்து வளந்துட்டு இப்படிக் கேக்கறயே."

சொன்னதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் துணி சாயம் விடாது என்பது இந்த ஊர்ப் பிள்ளைகள் எழுத்துப் படிப்பதற்கு முன்னால் படிக்கிற பாடம். அந்த நம்பிக்கையோடுதான் அவள் துணியை இரண்டாக மடித்து, பாட்டில் வாயில் கட்டி, வளைவில் மொண்ட தண்ணீரை ஊற்றினாள்.

பாட்டிலில் இறங்கிய தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது.

மூன்று பேரும் இத்தனை மாதமாக இதற்குத்தான் இறங்கி ஏறினார்கள். வெள்ளை அட்டைக்கு முன்னால் பிடித்தபோது, சந்தேகப்பட இடமே இல்லாத ஊதா. கீழே தடுப்பணையில் எடுத்து அதே துணியில் வடித்த தண்ணீரிலும் ஊதா இருந்தது, ஆனால் வெளிறிப்போய். "பாத்தியா, போகப் போகக் கலந்து கம்மியாகுது" என்று மெஹ்ஜபின் விளக்கினாள். மேலே இல்லை, வளைவில் இருக்கிறது, கீழே குறைகிறது. பாடப் புத்தகத்தில் போடலாம் போல அத்தனை ஒழுங்காக இருந்தது.

வளைவுக்கே திரும்பி வந்து நிமிர்ந்து பார்த்தால், கரையில் கயிறு கட்டி வரிசையாக உலர்ந்துகொண்டிருந்தன, குழந்தைகள் போடுகிற ஊதா டீ-சர்ட்டுகள். அவற்றுக்குக் கீழே தகரக் கூரை போட்ட ஒற்றை அறை வீடு. வாசலில் பெரிய பிளாஸ்டிக் டப்பில் குனிந்து துணி அலசிக்கொண்டிருந்த பெண் ராமுத்தாய். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். கம்பெனிகள் கறை பட்டதென்று ஒதுக்குகிற உருப்படிகளை வாங்கி, சோப்புப் போட்டு அலசி, ஞாயிற்றுக்கிழமை சந்தையில் விற்பவள். புருசன் பெருமாள்சாமி ஒரு கம்பெனியில் லோடு ஏற்றுகிறான். அலசிய தண்ணீரை ராமுத்தாய் ஓடையில்தான் கொட்டுவாள். இந்தக் கதையெல்லாம் மாரிச்செல்வத்துக்குத் தெரியும், ஏனென்றால் அவனுடைய அப்பா அம்மாவும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்தான்.

அவன்தான் மெதுவாகச் சொன்னான். "மெஹ்ஜு, மீட்டர்ல மூணு இடத்துலயும் ஒரே அளவுதான் காட்டுது. சாயத்தண்ணின்னா உப்பும் சேந்து ஏறணும்ல? இன்னொருக்கா வடிதாள்ல வடிச்சுப் பாத்துட்டு அப்புறம் பேசுவோம்."

அவன் கேட்டது நியாயமான கேள்வி. வேறு யார் கேட்டிருந்தாலும் அவளே அப்படித்தான் செய்திருப்பாள். ஆனால் கையில் ஊதாப் பாட்டில் இருந்தது, கண்ணெதிரே ஊதாத் துணி இருந்தது. "உங்கூர்க்காரங்கன்னு பாக்கறயா?" என்று கேட்டுவிட்டாள்.

மாரிச்செல்வம் மீட்டரைத் துடைத்துப் பைக்குள் போட்டுவிட்டு மேட்டில் ஏறினான்.

மெஹ்ஜபின் போனை எடுத்து வீடியோ பிடித்தாள். ஊதாப் பாட்டில், பிறகு ஓடை, பிறகு கயிற்றில் ஆடுகிற டீ-சர்ட்டுகள், கடைசியாக டப்பும் ராமுத்தாயும். "பெரிய பட்டறைகளை மட்டும்தான் குறை சொல்றோம். இந்த மாதிரி கரையோரத்துல உக்காந்து தெனமும் விஷத்தை ஊத்தறவங்களை யாரு கேக்கறது?" என்று போனுக்குப் பின்னால் அவள் குரல் கணீரென்று ஒலித்தது. ராமுத்தாய் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். தூரத்தில் நின்றதால் பேசியது அவளுக்குப் புரியவில்லை. படிக்கிற பிள்ளைகள் போட்டோ எடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, ஈரக் கையால் முந்தானையைச் சரிசெய்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்போடு வீடியோ முடிந்தது. அன்று சாயங்காலமே குழுவின் பக்கத்தில் ஏறியது. மறுநாள் காலையில் பார்த்தால் ஊரில் வாட்ஸ்அப் வைத்திருக்கிறவர்களெல்லாம் பார்த்திருந்தார்கள்.

திருப்பூரில் ஓடையைக் கெடுத்தவர்களைத் திட்ட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருக்கிறது. யாரைத் திட்டினால் தனக்குச் சேதமில்லை என்பதுதான் பிரச்சினை. முதலாளியைத் திட்டினால் வேலை போகும். இப்போது ஒரு தகரக் கூரையும் ஒரு டப்பும் கிடைத்தது, ஆளாளுக்குப் புகுந்து விளையாடினார்கள். 'செய்யறதையும் செஞ்சுட்டு சிரிப்பப் பாரு' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு விழுந்த விருப்பக்குறிகள் வீடியோவுக்கு விழுந்ததைவிட அதிகம். கல்லூரி முதல்வர் மெஹ்ஜபினை மேடைக்குக் கூப்பிட்டுப் பாராட்டினார். பேக்கரிக்காரர் அவளிடம் டீக்குக் காசு வாங்க மறுத்தார். மாநகராட்சி ஆட்கள் வளைவுக்குப் போய், இனி இங்கே துணி அலசக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தார்கள். இடத்துக்காரர், மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டாராம். இதைக் கேள்விப்பட்டபோது மெஹ்ஜபினுக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் ஓடை முக்கியமில்லையா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். ஆமாம் என்று பதிலும் அவளே சொல்லிக்கொண்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, அத்தா ஜும்மாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம், அடுப்படியிலிருந்து அம்மா பேகம் சத்தம் போட்டாள்.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க. என்ன துணீங்க கொண்டாந்து போட்டிருக்கறீங்க?"

மெஹ்ஜபினும் எட்டிப் பார்த்தாள். புதிதாகப் பதித்த வெள்ளை டைல்ஸில் தண்ணீர் சிந்தியிருந்தது. அம்மா கறுப்பு வேஸ்ட் துணியால் துடைத்திருக்கிறாள். துடைத்த தடம் முழுவதும் ஊதா ஊதாவாகக் கோடு. பிழிந்த பக்கெட்டிலும் கத்தரிப்பூ நிறத்தில் தண்ணீர்.

ஜமால் தொப்பியைச் சரிசெய்துகொண்டே வந்து பார்த்தார். "அட, அது ஃபெயிலான லாட்டு. சாயம் நிக்கலைன்னு வெளிநாட்டு பையர் திருப்பி உட்டான். அதனாலதான் கிலோ சல்லிசாக் கெடச்சுது. வண்டி தொடைக்கறதுக்குன்னு கொண்டாந்தா நீ தரை தொடைக்கறயா?"

"கறுப்புத் துணி கறுப்பாத்தான விடோணும்? இது ஊதாவா விடுதே."

"கறுப்பு நிக்கலைன்னா ஊதாவாத்தான் எறங்கும். எத்தனை வருசமா இந்த யாவாரத்துல கஞ்சி குடிக்கற, இன்னும் தெரியலையாக்கும்" என்று கேலி செய்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவருக்கு அது துணி விவகாரம். மெஹ்ஜபினுக்கு வளைவில் பிடித்த பாட்டில் ஞாபகத்துக்கு வந்தது. அம்மா தரையைத் தேய்த்துத் தேய்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள். இவள் மெதுவாக வெளியே வந்து, ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கி அந்தக் கறுப்புத் துண்டை எடுத்தாள். ஓடையில் நனைந்து, காய்ந்து, மடிப்புக் கலையாமல் அப்படியே கிடந்தது. கேன் தண்ணீர் ஒரு டம்ளர் பிடித்து, மாடிக்குப் போய், கண்ணாடி டம்ளர் ஒன்றில் துணியைக் கட்டி ஊற்றினாள்.

அன்றைக்கு இறங்கிய அளவுக்கு இறங்கவில்லை. இரண்டு இடத்தில் வடித்ததில் பாதிச் சாயம் போய்விட்டிருந்தது. ஆனால் ஊதாதான். முதல் இடத்தில் அடர்த்தி, அடுத்த இடத்தில் வெளிறல், இப்போது அதைவிட வெளிறல். பாடப் புத்தகத்தில் போடலாம் என்று அவள் நினைத்த ஒழுங்கு இந்தத் துணியின் ஒழுங்கு. ஓடைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ராமுத்தாய்க்கும் இல்லை.

யாராவது பார்த்துவிடுவார்களோ என்று டம்ளரை அவசரமாகச் செடித் தொட்டியில் கவிழ்த்தாள். கவிழ்த்த பிறகுதான் தான் செய்தது அவளுக்கே தெரிந்தது. உண்மை கையில் கிடைத்ததும் முதலில் ஒளித்து வைத்திருக்கிறாள். முகம் காந்தியது. மாடியில் யாருமே இல்லை, இருந்தும் துப்பட்டாவை முகத்தோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு துணியைப் பிழிந்து கொண்டுபோய்ப் பழையபடி ஸ்கூட்டர் சீட்டுக்கடியிலேயே திணித்தாள்.

திங்கட்கிழமை சண்முகவேல் சாரிடம் போய்ச் சொன்னாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு முழுக்கக் கேட்டார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பாரு கண்ணு. தப்பு நடந்து போச்சு. ஆனா இதைய இப்ப நாம வெளிய சொன்னம்னா என்னாகும்? மேலாக்க ராத்திரியில சாயத்தண்ணியத் தொறந்து உடறானே, அவன் நாளைக்கே சொல்லுவான், இந்தப் புள்ளைங்க சொல்றது பூராப் பொய்யின்னு. இத்தனை மாசம் எடுத்த ரீடிங் எல்லாம் தண்ணியில போயிரும். சத்தமில்லாம வீடியோவ எடுத்துரு. ஊர் ஒரு வாரத்துல மறந்துரும். அடுத்த தடவை சரியாப் பண்ணிக்கலாம்."

"அந்தம்மாளுக்குங்க சார்?"

"அதான் வீடியோவ எடுத்துரச் சொல்றனே."

அவர் சொன்னதில் பாதி நிஜம் என்பதுதான் சங்கடம். மேலே திறந்துவிடுகிறவன் இருக்கிறான், அவன் சிரிக்கத்தான் செய்வான். மெஹ்ஜபின் தலையாட்டினாள். சாருடைய அறையை விட்டு வெளியே வரும்போது அவளுக்கு வந்தது நிம்மதி. படிக்கட்டில் இறங்கும்போது கால்கூட லேசாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் பின்னாளில் அவளுக்கு உடம்பு கூசும். வீடியோவை அழித்தாள். ஏன் அழித்தாள் என்று எங்கேயும் எழுதவில்லை. மாரிச்செல்வம் கேட்டபோது, "பழசாயிருச்சு, அதான்" என்றாள்.

அடுத்த முறை தண்ணீர் எடுக்க மூன்று பேரும் இறங்கினார்கள். உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி நின்றுவிடலாமா என்று மெஹ்ஜபின் நினைத்தாள். நின்றால் ஏன் என்று கேள்வி வரும். வடிதாள் பாக்கெட்டை இந்த முறை அவளே பையில் வைத்துக்கொண்டாள்.

வளைவில் கயிறு இல்லை. கயிறு கட்டியிருந்த கம்புகள் மட்டும் நின்றன. டப் வாசலில் கவிழ்ந்து கிடந்தது. வீட்டுக்கு முன்னால் அட்டைப் பெட்டிகளில் பாத்திர பண்டங்கள் கட்டி வைத்திருந்தார்கள். மாதக் கடைசிக்கு நாள் அதிகம் இல்லை.

மெஹ்ஜபின் குனிந்த தலை நிமிராமல் தண்ணீரை மொண்டு வடிதாளில் ஊற்றினாள். தெளிந்த தண்ணீர் இறங்கியது. ஆஷா அட்டையை வைத்துப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்குதுப்பா. ஊதா துளிக்கூட இல்ல" என்றாள்.

அவர்கள் குரல் கேட்டு ராமுத்தாய் வீட்டிலிருந்து வெளியே வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று மெஹ்ஜபின் நினைத்தாள். வந்தால் தேவலை என்றுகூட ஒரு கணம் இருந்தது. ராமுத்தாயோ, கோயிலுக்குள் நுழைகிற மாதிரி தயங்கித் தயங்கி வந்து, கொஞ்சம் தள்ளியே நின்றாள்.

"வந்திருக்கீகளா தாயி? இப்பம் தண்ணி எப்பிடி இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. நான் அன்னைக்கே நிறுத்திட்டேன். ஒரு பக்கெட்டுகூட ஊத்தல."

"சுத்தமா இருக்குதுங்கக்கா" என்று பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள் ஆஷா.

ராமுத்தாய் இரண்டு கைகளையும் கூப்பினாள். "அப்பாடி. எனக்குத் தெரியாமப் போச்சு தாயி. சோப்புத் தண்ணிதான, என்ன செஞ்சிரப் போகுதுன்னு ஊத்திட்டேன். படிச்ச புள்ளைக மிஷின வச்சுப் பாத்துச் சொன்னப்பெறவுதான் தெரிஞ்சுது. கீழ ஆடு மாடு குடிக்கும்ல. அதுக செத்துக் கித்துப் போயிருந்தா அந்தப் பாவத்த நான் எங்க போயித் தொலைக்க? ராவெல்லாம் ஒறக்கமில்ல."

மெஹ்ஜபின் படவேண்டிய வெட்கத்தை இந்தப் பெண் இத்தனை நாளாகத் தன் தலையில் சுமந்திருக்கிறாள். சுமந்தது மட்டுமில்லை, அது தன்னுடையதுதான் என்று நம்பியும் இருக்கிறாள்.

இது போதாதென்று மாரிச்செல்வம் மெஹ்ஜபின் அருகில் வந்தான். யாருக்கும் கேட்காமல் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். "சாரி மெஹ்ஜு. நீ சொன்னதுதான் சரி. அவங்க நிறுத்துனதும் தண்ணி தெளிஞ்சுருச்சு பாரு. எங்க ஊர்க்காரங்கன்னு நான்தான் உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன்."

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. "இல்ல மாரி" என்றாள். "தண்ணியில ஊதா இல்லவே இல்ல. அன்னைக்கும் இல்ல. என்ற வண்டியில இருந்த துணிதான் சாயம் விட்டுது. எங்க அத்தா வாங்குன ஃபெயிலான லாட்டு. எனக்குத் தெரியும். தெரிஞ்சு ரொம்ப நாளாச்சு."

மாரிச்செல்வம் அவளையே பார்த்தான். அவன் முகத்தில் கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வந்தது கோபமில்லை. அறிமுகமில்லாத ஆளைப் பார்ப்பது போல ஒரு பார்வை. அவன் தள்ளிப் போய், கவிழ்ந்திருந்த டப்பின் பக்கத்தில் நின்றுகொண்டான்.

ராமுத்தாய்க்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. முதல் முறை அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டாவது முறை மெஹ்ஜபின் சுற்றி வளைக்காமல் சொன்னாள். "உங்கனால ஒண்ணுமே ஆகலீங்க. நாந்தான் தப்பாச் சொல்லிட்டனுங்க."

"நெசமாவா? அப்பம் என் தண்ணியில ஒண்ணும் ஆகலையா?"

"ஆகலீங்க."

ராமுத்தாய் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள். திட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லவேளை" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாகத் தலையைத் தூக்கினாள். "தாயி, இத என் மககிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க. எங்கூடப் பேச மாட்டேங்கா."

கூப்பிட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. வாசல் நிலையில் சாய்ந்தபடி அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். நாகஜோதி, ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூட யூனிஃபார்ம் போட்டிருந்தாள், ஆனால் பள்ளிக்கூடம் போயிருக்கவில்லை. அம்மாவைத் தாண்டி நேராக மெஹ்ஜபினுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நாகஜோதி, நான் அந்த வீடியோவ அழிச்சுட்டேன்" என்றாள் மெஹ்ஜபின். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று அவளுக்குக் கேட்டது.

"நீங்க அழிச்சுட்டீங்க. எங்க கிளாஸ்ல எல்லார் போன்லயும் இருக்கு" என்றாள் நாகஜோதி. அழவில்லை. "எங்கம்மா சிரிக்கறத மட்டும் வெட்டி ஸ்டிக்கராப் போட்டிருக்காங்க. குட் மார்னிங்குக்குப் பதிலா அதத்தான் அனுப்பறாங்க. நானும் அம்மாகிட்டக் கேட்டேன், தப்பும் பண்ணிட்டு எதுக்குச் சிரிச்சேன்னு. போட்டோ எடுக்காகன்னு நெனச்சேன்னு சொன்னாங்க. நான் நம்பல."

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"நான் என்ன செய்யட்டும் சொல்லு" என்றாள் மெஹ்ஜபின்.

"அதே மாதிரி இன்னொண்ணு போடுங்க. அதே பக்கத்துல."

"விடு பிள்ள. படிக்கிற பொண்ணு, அவுகளுக்கு அசிங்கமாயிரும்ல" என்று கீழே உட்கார்ந்திருந்த ராமுத்தாய் சொன்னாள்.

அந்த வார்த்தை மெஹ்ஜபினைச் சுட்டது. சாரிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று மனசு சொன்னது. மேலே திறந்துவிடுகிறவன் சிரிப்பான் என்றது. முதல்வர், மேடை, பேக்கரிக்காரரின் டீ என்று வரிசையாக ஒவ்வொன்றையும் எடுத்து எடுத்துக் காட்டியது. எல்லாம் நல்ல காரணங்கள்தான். எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, போனை எடுத்து, குழுவின் பக்கத்தைத் திறந்து நேரலையில் வைத்து நாகஜோதியிடம் நீட்டினாள். அழிப்பதற்கோ திருத்துவதற்கோ வழி வைத்துக்கொண்டால் தான் என்ன செய்வாள் என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

ஸ்கூட்டர் சீட்டுக்கடியிலிருந்து அந்தக் கறுப்புத் துண்டை மாரிச்செல்வம் எடுத்துக்கொண்டு வந்தான். அவள் கேட்கவில்லை, அவனாகவே போய் எடுத்து வந்தான். கையில் கொடுக்கும்போதும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆஷா ஒரு காலிப் பாட்டிலையும் குடிக்க வைத்திருந்த தண்ணீரையும் கொடுத்தாள்.

ராமுத்தாய் அன்றைக்குக் குனிந்து நின்ற அதே இடத்தில் மெஹ்ஜபின் போய் நின்றாள். அன்றைக்குப் போனுக்குப் பின்னால் அவளுக்கு வார்த்தைகள் தானாக வந்தன. இன்று ஒன்றுகூட வரவில்லை. நாகஜோதி போனைத் தூக்கிப் பிடித்ததும், இத்தனை நாள் மேடைப் பழக்கத்தில் அவள் கை தானாகத் துப்பட்டாவைச் சரிசெய்தது. உதடு தானாகச் சிரிக்கப் போனது. பாதியிலேயே அது தெரிந்து அவள் நிறுத்திக்கொண்டாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஓடைப் பக்கம் திரும்பினாள்.

"இந்தப் பக்கம் பாருங்கக்கா" என்றாள் நாகஜோதி.

திரும்பினாள்.

"ம். இப்ப முகம் நல்லாத் தெரியுது. பேசுங்க."